நூறு கோடி ரூபாய் அபராதம் கரைந்த கதை

விதிக்கப்பட்ட அபராதத்துக்குக் கையிலுள்ள பணம் போதாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை நீதிபதியே படிப்படியாக எழுதிவைத்த தீர்ப்பு, 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி பெங்களூரு பரப்பன அக்ரஹாரத்தில் வழங்கப்பட்டது. தமிழக முதல்வராக இருந்த ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கில் தனி நீதிமன்ற நீதிபதி ஜான் மைக்கேல் குன்ஹா அளித்த தீர்ப்பு அது. நான்காண்டுச் சிறை, நூறு கோடி ரூபாய் அபராதம் என்ற இரண்டு செய்திகளோடு அன்றைய தலைப்புச் செய்திகள் முடிந்துவிட்டன. தீர்ப்பின் கடைசிப் பக்கங்களை அப்போது அதிகம் பேர் கவனிக்கவில்லை.

குற்றவாளிகளின் வங்கிக் கணக்குகளில் உள்ள வைப்புத்தொகைகளையும் ரொக்க இருப்பையும் முதலில் அபராதத்தில் வரவு வைக்க வேண்டும். அப்போதும் தொகை குறைந்தால், 7,040 கிராம் தங்கத்தையும் அதற்குரிய விகிதத்தில் வைர நகைகளையும் தனியே ஒதுக்கிவிட்டு, எஞ்சிய நகைகளை ரிசர்வ் வங்கியிடமோ பொது ஏலத்திலோ விற்று ஈடுகட்ட வேண்டும். அதன் பிறகும் நகை மிஞ்சினால் அது அரசுக்குப் பறிமுதல். லெக்ஸ் பிராப்பர்ட்டி டெவலப்மெண்ட்ஸ், மெடோ ஆக்ரோ ஃபார்ம்ஸ், ராம்ராஜ் ஆக்ரோ மில்ஸ், சிக்னோரா, ரிவர்வே ஆக்ரோ, இந்தோ தோகா கெமிக்கல்ஸ் ஆகிய ஆறு நிறுவனங்களின் பெயரில் முடக்கிவைக்கப்பட்ட அசையாச் சொத்துகள் அரசுக்குச் சேரும். வசூலாகும் அபராதத்திலிருந்து 5 கோடி ரூபாய், வழக்கை நடத்திய செலவுக்காகக் கர்நாடக அரசுக்குத் தரப்பட வேண்டும்.

இவ்வளவு விரிவான வரிசையில் ஒரு படி மட்டும் இல்லை. நகைகளை விற்ற பிறகும் நூறு கோடி சேராவிட்டால் என்ன செய்வது? தீர்ப்பு தரும் ஒரே விடை, மேலும் ஓராண்டுச் சிறை என்பதே. தொகையைக் குறைக்கும் வழி அதில் இல்லை. அது நீதிபதியின் கவனக்குறைவு அன்று. இந்திய தண்டனைச் சட்டத்திலேயே அப்படியொரு வழி இருக்கவில்லை.

கணக்கு முன்பே சொன்னது

வழக்கில் கைப்பற்றப்பட்ட தங்க நகைகள் ஏறத்தாழ 27 கிலோ. ஒதுக்கப்பட்ட 7 கிலோவைக் கழித்தால் மிஞ்சுவது சுமார் 20 கிலோ. தீர்ப்பு வந்த நாள்களில் 10 கிராம் தங்கம் ஏறத்தாழ 27 ஆயிரம் ரூபாய்க்கு விற்றது. அந்த விலையில் 20 கிலோவுக்கும் ஐந்தரைக் கோடிக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். வைரங்களைச் சேர்த்தாலும், நூறு கோடி என்ற இலக்குக்கும் நகைப்பெட்டிக்கும் இடையே பெரும் இடைவெளி இருந்தது.

அந்த நூறு கோடி எங்கிருந்து வந்தது? 1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரையிலான சரிபார்ப்புக் காலத்தில் வருமானத்துக்கு மீறிச் சேர்க்கப்பட்டதாகக் காவல்துறை சொன்ன தொகை 66.65 கோடி ரூபாய். நீதிமன்றம் ஏற்றது 53.60 கோடி. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, அபராதத்தை நிர்ணயிக்கும்போது கணக்குக் காட்ட முடியாத சொத்தின் மதிப்பைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. குற்றவாளியால் இன்று எவ்வளவு கட்ட முடியும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. 1996-இல் இருந்த சொத்துக்கு 2014-இல் விதித்த அபராதம் இரண்டு மடங்கை நெருங்கியதில் சட்டப்படித் தவறு காண்பது கடினம். ஆனால், அந்தத் தொகை வசூலாகுமா என்ற கேள்வியை யாரும் விசாரித்துப் பதிவு செய்யவும் இல்லை.

கட்டும் திறனைக் கணிப்பது எளிதல்ல என்பதும் உண்மை. 2011 சட்டப்பேரவைத் தேர்தலில் ஸ்ரீரங்கம் தொகுதிக்கான வேட்புமனுவில் ஜெயலலிதா காட்டிய சொத்து மதிப்பு 51.40 கோடி ரூபாய். 2015-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் அது 117.13 கோடி. நான்காண்டு இடைவெளியில் ஒரே நபர் நூறு கோடியைக் கட்ட இயலாதவராகவும் கட்ட இயன்றவராகவும் காட்சி தருகிறார்.

தொம்மலூர் சாலையும் ஒரு கூட்டல் பிழையும்

இந்த வழக்கு பெங்களூருவுக்கு வந்தது 2003 நவம்பர் 18-ஆம் தேதிய உச்ச நீதிமன்ற உத்தரவால். ஜெயலலிதா மீண்டும் முதல்வராகியிருந்த நிலையில் தமிழகத்தில் நியாயமான விசாரணை நடக்காது என்று தி.மு.க. பொதுச் செயலர் க. அன்பழகன் தாக்கல் செய்த மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்றது. தமிழ் ஆவணங்களும் சாட்சியங்களும் ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்பட்டன. அதிலேயே காலம் ஓடியது. தீர்ப்பு நாளன்று சென்னையிலிருந்து தனி விமானத்தில் வந்த முதல்வர் இறங்கிய எச்.ஏ.எல். விமான நிலையம், தொம்மலூரிலிருந்து கிழக்கே செல்லும் பழைய விமான நிலையச் சாலையில் இருக்கிறது. தொம்மலூருக்குத் தமிழ் புதிதல்ல. அங்குள்ள சொக்கநாத சுவாமி கோயிலில் (பெயர் இப்படி இருந்தாலும் அது பெருமாள் கோயில்) 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. நிலமும் ஏரியும் கோயிலுக்கு விடப்பட்ட செய்திகளை அவை சொல்கின்றன. யாருடைய நிலம், யாருக்குப் போயிற்று, அதை மாற்றும் உரிமை யாருக்கு என்று கல்லில் வெட்டிவைத்த அந்த ஊரை ஒட்டி, அதே கேள்விகளுடன் இன்னொரு தமிழ் வழக்கு கடந்து போயிற்று.

2015 மே 11-ஆம் தேதி கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி சி.ஆர். குமாரசாமி நால்வரையும் விடுவித்தார். சொத்து 37.59 கோடி, வருமானம் 34.76 கோடி, வேறுபாடு 2.82 கோடி மட்டுமே, அதாவது 8.12 சதவீதம் என்பது அவருடைய கணக்கு. பத்து சதவீதம் வரையிலான வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று 1977-ஆம் ஆண்டின் கிருஷ்ணானந்த் அக்னிஹோத்ரி வழக்கை அவர் மேற்கோள் காட்டினார். வங்கிக் கடன்களின் பட்டியலைக் கூட்டிப் பார்த்தவர்களுக்கு வேறு விடை கிடைத்தது. தீர்ப்பில் 24.17 கோடி என்று இருந்த இடத்தில் உண்மையான கூட்டுத்தொகை 10.67 கோடி. ஒரு கூட்டல் பிழை, 13.50 கோடி ரூபாயை வருமானப் பக்கத்தில் சேர்த்துவிட்டது.

சட்டப்படி தொகையைக் குறைக்க ஒரு வழி இல்லாத நாட்டில், தொகை குறைவது இப்படித்தான் நடக்கிறது. மனு போட்டு, சொத்துக் கணக்கைக் காட்டி, எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்து குறைவதில்லை. மேல்முறையீட்டில் மொத்தமாகக் கரைகிறது. அல்லது சிறை நாள்களாக மாறுகிறது. அல்லது மரணத்தோடு போகிறது. இந்த ஒரே வழக்கில் மூன்றும் நடந்தன.

மரணம் தந்த தள்ளுபடி

உச்ச நீதிமன்றத்தில் கர்நாடக அரசின் மேல்முறையீடு மீதான வாதங்கள் முடிந்து 2016 ஜூன் 7-ஆம் தேதி தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. டிசம்பர் 5-ஆம் தேதி ஜெயலலிதா காலமானார். 2017 பிப்ரவரி 14-ஆம் தேதி நீதிபதிகள் பினாகி சந்திர கோஷ், அமிதவ ராய் அமர்வு உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து, தனி நீதிமன்றத்தின் தீர்ப்பை மீட்டது. சசிகலா, இளவரசி, சுதாகரன் மூவரும் சிறை செல்ல வேண்டியதாயிற்று. முதல் குற்றவாளியைப் பொருத்தவரை மேல்முறையீடு அற்றுப்போனதாக நீதிமன்றம் அறிவித்தது.

கர்நாடக அரசு இதை ஏற்கவில்லை. வாதங்கள் முடிந்த பிறகே மரணம் நேர்ந்தது என்பதால் மேல்முறையீடு அற்றுப்போகாது, அபராதத்தை அவருடைய சொத்துகளிலிருந்து வசூலிக்க உத்தரவிட வேண்டும் என்று சீராய்வு மனு தாக்கல் செய்தது. 2017 ஏப்ரல் 5-ஆம் தேதி அது தள்ளுபடியானது.

இங்குதான் சட்டம் ஒரு விநோதமான முடிச்சைப் போட்டிருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு, குற்றவாளி இறந்தாலும் அவருடைய கடன்களுக்குப் பொறுப்பாகும் சொத்து அபராதத்துக்கும் பொறுப்பாகும் என்று தெளிவாகச் சொன்னது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 394-ஆவது பிரிவும், தண்டிக்கப்பட்டவரின் மேல்முறையீடு மரணத்தால் அற்றுப்போகும் என்று கூறி, அபராதத்துக்கு எதிரான மேல்முறையீட்டுக்கு மட்டும் விலக்களித்தது. உடல் போனாலும் பணம் நிற்கிறது என்பது அதன் தருக்கம். ஆனால், ஜெயலலிதா இறந்த நாளில் அவர் மீது எந்த அபராதமும் இல்லை. உயர் நீதிமன்றம் விடுவித்திருந்தது. விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்தது அரசு. அவர் சிறையிலிருந்தோ ஜாமீனிலிருந்தோ தம் தண்டனையை எதிர்த்துப் போராடும்போது இறந்திருந்தால், நூறு கோடி அவருடைய சொத்துகளைத் தொடர்ந்திருக்கும். பிழையான கூட்டலைக் கொண்ட ஒரு விடுதலைத் தீர்ப்பு இடையில் நின்றதால் தொடரவில்லை.

மூன்று பேர், மூன்று வழி

எஞ்சிய மூவருக்கும் தலா 10 கோடி அபராதம். கட்டாவிட்டால் மேலும் ஓராண்டுச் சிறை. சதிக் குற்றத்துக்கான 10 ஆயிரத்தையும் சேர்த்து, 10 கோடியே 10 ஆயிரம் ரூபாயை சசிகலா தரப்பு 2020 நவம்பரில் வரைவோலைகளாகச் செலுத்தியது. 2021 ஜனவரி 27-ஆம் தேதி அவர் விடுதலையானார். பிப்ரவரி 5-ஆம் தேதி, அபராதம் கட்டிய இளவரசி வெளியே வந்தார். அபராதம் கட்டாத சுதாகரன், கூடுதல் தண்டனையையும் அனுபவித்துவிட்டு 2021 அக்டோபர் 16-ஆம் தேதி வெளியே வந்தார்.

பத்துக் கோடியை 365 நாள்களால் வகுத்தால், ஒரு சிறை நாளின் விலை சுமார் 2 லட்சத்து 74 ஆயிரம் ரூபாய். நூறு கோடிக்கும் அதே ஓராண்டு என்பதால் முதல் குற்றவாளிக்கு அது 27 லட்சத்தைத் தாண்டியிருக்கும். நீதிபதி விரும்பினாலும் இதைப் பெரிதாக மாற்றியிருக்க முடியாது. அபராதம் கட்டத் தவறியதற்கான சிறை, குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி. அன்று இந்தக் குற்றத்துக்கு அதிகபட்சம் ஏழாண்டு. ஆகவே உச்சவரம்பு 21 மாதங்கள். அபராதம் பத்து லட்சமானாலும் நூறு கோடியானாலும் இதுவே எல்லை.

பகுதித் தொகை கட்டினால் சிறை நாள்கள் அதே விகிதத்தில் குறையும் என்று 69-ஆவது பிரிவு கூறியது. குறைவது சிறை மட்டுமே, கடன் குறையாது. ஆனால், கூடுதல் சிறையை முழுமையாக அனுபவித்துவிட்டவரிடம் சிறப்புக் காரணங்களைப் பதிவு செய்யாமல் அபராத வசூலுக்கு வாரண்ட் பிறப்பிக்கக் கூடாது என்று நடைமுறைச் சட்டத்தின் 421-ஆவது பிரிவு தடுத்தது. ஆக, காகிதத்தில் கடன் நிற்கும்; நடைமுறையில் கேட்க ஆள் இருக்காது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 8-ஆவது பிரிவும் இந்த ஏற்பாட்டையே பெரும்பாலும் அப்படியே சுவீகரித்துக்கொண்டது. சட்டத்தின் பெயரை மாற்றியவர்கள் இந்த ஓட்டையைத் தைக்க முனையவில்லை.

இதே பரப்பன அக்ரஹாரச் சிறையில் இருந்த முத்திரைத்தாள் மோசடிக் குற்றவாளி அப்துல் கரீம் தெல்கிக்கு 2007-இல் புனே நீதிமன்றம் விதித்த அபராதம் 202 கோடி ரூபாய். அவர் 2017 அக்டோபர் 26-ஆம் தேதி பெங்களூரு விக்டோரியா மருத்துவமனையில் கைதியாகவே இறந்தார். பெரும் தொகை அறிவிக்கப்படும் நாளில் கிடைக்கும் விளம்பரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட வசூல் கணக்குக்குக் கிடைப்பதில்லை.

லண்டன் செய்வது என்ன?

பிரிட்டன் இதை வேறு விதமாக அணுகுகிறது. அங்கு 2002-ஆம் ஆண்டின் குற்ற ஆதாயச் சட்டப்படி, நீதிமன்றம் இரண்டு தொகைகளைக் கணக்கிடுகிறது. ஒன்று, குற்றத்தால் அடைந்த பலன். மற்றது, இன்று அவரிடம் கிடைக்கக்கூடிய தொகை. இரண்டில் சிறியதைத்தான் கட்டச் சொல்கிறது. பின்னர் சொத்தின் விலை வீழ்ந்தால், 23-ஆவது பிரிவின் கீழ் குற்றவாளி மனு செய்யலாம். கிடைக்கக்கூடிய தொகை உண்மையிலேயே போதவில்லை என்று கண்டால், நியாயமெனத் தோன்றும் சிறிய தொகையை நீதிமன்றம் மாற்றி அமைக்கலாம். மறுபுறம், 22-ஆவது பிரிவின் கீழ் அரசுத் தரப்பும் பின்னாளில் வந்து, இவரிடம் இப்போது பணம் இருக்கிறது, தொகையை உயர்த்துங்கள் என்று கேட்கலாம்.

தாராளமாகத் தோன்றும் இந்த வழி, உண்மையில் மிகக் குறுகலானது. நிரூபிக்கும் பொறுப்பு குற்றவாளியுடையது. பி.சி.சி.ஐ. வங்கி மோசடி வழக்கில் தண்டிக்கப்பட்ட அப்பாஸ் கோகல் தம் தொகையைக் குறைக்கக் கேட்டபோது, முதல் தீர்ப்பில் கண்டறிந்த சொத்து தம்மிடம் இருந்ததே இல்லை என்று பின்வாசல் வழியாக மறுபடி வாதிட முடியாது என்று 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. இருந்தது எங்கே போயிற்று என்று காட்ட வேண்டும். காட்டாதவருக்குக் குறைப்பு இல்லை. சொத்து விற்கப்படாமல் பிறர் பெயரில் காப்பாற்ற அவரே ஏதேனும் செய்திருந்தால் அந்தக் குறைவைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் கட்டத் தவறினால் 14 ஆண்டு வரை சிறை. அதை அனுபவித்த பிறகும் கடன் ஒழிவதில்லை, வட்டியும் ஏறும். 2012-இல் வாயா வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், பறிமுதல் உத்தரவு குற்றத்தின் பலனுக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது.

இந்தியாவில் தொகையைக் குறைக்க வழி திறந்தால் செல்வாக்குள்ளவர்களே அதில் நுழைவார்கள் என்ற அச்சம் நியாயமானது. பினாமிப் பெயர்களில் சொத்தை மறைத்துவிட்டு, கையில் ஒன்றுமில்லை என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்வது இங்கு கடினமான வேலை அல்ல. இந்த வழக்கே முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் பெயர்களைச் சுற்றி நடந்தது. என்றாலும், இன்றுள்ள ஏற்பாட்டில் அந்தச் செல்வாக்குள்ளவர்கள் எந்தப் பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்யாமலேயே அதே பலனை அடைகிறார்கள். குறுக்கு விசாரணை இல்லை. சொத்து எங்கே போயிற்று என்ற கேள்வி இல்லை. மிஞ்சிய தொகையை அரசு கைவிட்டதா, தேடுகிறதா என்பதைச் சொல்லும் உத்தரவும் இல்லை. மனு போட்டுக் குறைக்கும் முறையில் குறைந்தபட்சம் ஒருவர் கூண்டில் ஏறிக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

தொகை குறையும்போது என்ன செய்வது என்று யோசித்த இந்தியச் சட்டம் ஒன்று இல்லாமல் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944-இல், பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த குற்றவியல் சட்டத் திருத்த அவசரச் சட்டம், பறிமுதலாக வேண்டிய தொகைக்கு முடக்கிய சொத்து போதாவிட்டால், குற்றவாளியிடமிருந்து சொத்தைப் பெற்றவர்களைத் தேடிப் போகுமாறு மாவட்ட நீதிபதியைப் பணிக்கிறது. ஜெயலலிதா வழக்கில் சொத்துகளை முடக்கிய அரசாணைகளும் அந்த அவசரச் சட்டத்தின் கீழ் பிறந்தவையே. 2018-ஆம் ஆண்டின் திருத்தம் அதே ஏற்பாட்டை ஊழல் தடுப்புச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. எண்பது ஆண்டு பழமையான அந்த வழி பறிமுதலுக்கு உதவுகிறது. அபராதத்துக்கு அதே அளவு உதவுவதில்லை.

பறிமுதல் நின்றது

அபராதம் போனாலும் பறிமுதல் நின்றதைப் பின்னர் நடந்தவை காட்டின. ஜெயலலிதாவின் அண்ணன் பிள்ளைகளான தீபாவையும் தீபக்கையும் 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் வாரிசுகளாக அறிவித்தது. வழக்கு அற்றுப்போனதால் தங்கள் அத்தை குற்றமற்றவராகவே இறந்தார், எனவே கைப்பற்றிய பொருள்கள் தங்களுக்கு வர வேண்டும் என்பது அவர்கள் வாதம். அற்றுப்போவதும் விடுதலையும் ஒன்றல்ல என்று பெங்களூரு நீதிமன்றங்கள் கருதின. 2025 ஜனவரி 13-ஆம் தேதி கர்நாடக உயர் நீதிமன்றம் அவர்களுடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. தனி நீதிமன்றத்தின் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் மீட்டபோதே பறிமுதல் உத்தரவும் மீண்டுவிட்டது என்பது அதன் நிலைப்பாடு. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. பிப்ரவரி மத்தியில் தங்க, வைர, வெள்ளிப் பொருள்களும் சுமார் 1,526 ஏக்கர் நிலத்துக்கான ஆவணங்களும் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டு, காவல்துறைப் பாதுகாப்புடன் தமிழகத்துக்கு அனுப்பப்பட்டன.

அந்த நிலம் பெரும்பாலும் 1990-களில் வாங்கப்பட்டது. நகைகளும் 1996 டிசம்பரில் கைப்பற்றப்பட்டவை. இடைப்பட்ட ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் தங்கம் பல மடங்கு ஏறிவிட்டது. 2014-இல் ஐந்தரைக் கோடியை எட்டாத 20 கிலோ, 2025 பிப்ரவரியில் 10 கிராம் 85 ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் 17 கோடியாகிறது. நூறு கோடி அபராதம் உயிரோடு இருந்திருந்தால், விற்பனைத் தொகை முதலில் அதற்குப் போய், ஏற்றத்தின் பலன் கடனைக் குறைத்திருக்கும். அபராதம் இல்லாததால் பொருளாகவே தமிழக அரசின் கைக்கு வந்தது.

கர்நாடகத்துக்கு உரிய 5 கோடிக்கும் புது வழி தேட வேண்டியிருந்தது. அபராதத்திலிருந்து தர வேண்டும் என்று 2014 தீர்ப்பு சொன்ன அந்தச் செலவுத் தொகையை, சென்னையில் ஜெயலலிதாவின் வங்கிக் கணக்கில் இருக்கும் பணத்திலிருந்து தமிழகம் வழங்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் பெங்களூரு தனி நீதிமன்றம் உத்தரவிட்டது.